ஆடித் தீர்த்த காதல்

ஒரே ஒரு பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும், ‘டாப் ஹேட்’ படம் பாதியிலேயே முடிந்துபோயிருக்கும். நாயகன் தன் பெயரைச் சொல்வதில்லை. நாயகி கேட்பதில்லை. சொல்லியிருக்க வேண்டிய தோழியும் சொல்லாமல் விட்டுவிடுகிறாள். இந்த ஒரு கோளாறை வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம் ஓட்டிய படம் 1935ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் வெளியானது. அங்கே வசூல் சாதனைகளை முறியடித்தது. சுமார் 6 லட்சம் டாலர் செலவில் எடுத்த படம் 30 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது.

ஃப்ரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் ஜோடியாக நடித்த படங்கள் மொத்தம் பத்து. அதில் இது நான்காவது. இயக்கம் மார்க் சாண்ட்ரிச், பாட்டும் மெட்டும் இர்விங் பெர்லின், தயாரிப்பு ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ. ஹாலிவுட் இசைப் படங்களைப் பற்றி யார் பேசினாலும் இந்தப் படம் பேச்சில் வந்துவிடுகிறது. ஆனால் இன்று முதல்முறையாகப் பார்க்கிறவருக்கு ஒரு சந்தேகம் எழலாம்: கதை என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது?

உண்மையில் ஒன்றுமில்லைதான். ஜெர்ரி டிராவர்ஸ் ஓர் அமெரிக்க நடனக் கலைஞன். ஹொரேஸ் ஹார்ட்விக் என்பவர் நடத்தும் மேடை நிகழ்ச்சியில் ஆடுவதற்காக லண்டன் வருகிறான். ஹோட்டலில் ஹொரேஸின் அறையில் நள்ளிரவில் அவன் ஆட, கீழ்த்தளத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த டேல் டிரீமான்ட் எழுந்துவந்து சண்டை போடுகிறாள். அவனுக்குக் கண்டதும் காதல். அவளுக்கும் மெல்ல மனம் இளகுகிற நேரத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது. தன் தோழி மாட்ஜின் கணவர் ஹொரேஸ் இதே ஹோட்டலில் இருப்பது டேலுக்குத் தெரியவருகிறது. அவள் அவரைப் பார்த்ததில்லை. கைப்பெட்டியும் கைத்தடியுமாகப் போகிறாரே, அவர்தான் என்று ஹோட்டல் சிப்பந்தி அடையாளம் சொல்கிறார். அதற்குள் பெட்டியும் தடியும் ஜெர்ரியின் கைக்கு மாறிவிடுகின்றன. ஆக, தன்னைத் துரத்தித் துரத்திக் காதலிக்கிறவன் தோழியின் கணவன் என்று டேல் முடிவு கட்டுகிறாள். விழுகிறது ஓர் அறை. பிறகு வெனிஸ், அங்கே இன்னோர் அறை, கோபத்தில் வேறொருவருடன் அவசரக் கல்யாணம், கடைசியில் அந்தக் கல்யாணமே செல்லாது என்று தெரிதல். அவ்வளவுதான்.

ஆள்மாறாட்டக் கதைகளில் ஊறிப்போன தமிழ் ரசிகருக்கு இது புதிதல்ல. நடுவே ஏன் பாடுகிறார்கள் என்று கேட்கவும் அவருக்குத் தோன்றாது. பாட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து வேண்டுமானால் அவர் ஆச்சரியப்படலாம். முப்பதுகளின் தமிழ்ப் பேசும் படங்களில் பாட்டுகள் டஜன் கணக்கில் இருக்கும். ‘டாப் ஹேட்’ படத்தில் மொத்தமே ஐந்து. அந்த ஐந்தையும் வைத்த இடங்களில்தான் படத்தின் சூட்சுமம் இருக்கிறது. வசனத்தில் சிக்கெடுக்க முடியாத கதை ஆட்டத்தில் நகர்கிறது. பாத்திரங்கள் பேசும்போதெல்லாம் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆடும்போது மட்டும் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள்.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். கல்யாணம் செய்துகொள் என்று ஹொரேஸ் உபதேசம் செய்கிறார். எனக்கு எந்தக் கட்டும் வேண்டாம், நான் சுதந்திரப் பறவை என்கிற பொருளில் ஜெர்ரி பாடி, அறை முழுக்கச் சுற்றிச் சுற்றி டேப் டான்ஸ் ஆடுகிறான். அந்தக் காலடிச் சத்தம்தான் கீழே தூங்குகிறவளை எழுப்பி மேலே வரவழைக்கிறது. பிரம்மச்சாரியத்தைக் கொண்டாடிய ஆட்டமே காதலியைக் கூட்டிவந்துவிட்டது. அவள் திட்டிவிட்டுப் போன பிறகு வருவது இன்னும் அழகு. சிகரெட் சாம்பல் தட்டுவதற்கு வைத்திருக்கும் தொட்டியிலிருந்து மணலை அள்ளித் தரையில் தூவி, அதன்மேல் ஓசை அடங்க அடங்கப் பாதத்தைத் தேய்த்து ஆடுகிறான். கீழே அவள் புன்னகையோடு தூங்கிப்போகிறாள். மேலே ஹொரேஸும் சேர்ந்து தூங்கிவிடுகிறார். கால்களால் பாடிய தாலாட்டு அது.

இப்படி ஆட ஓர் ஆள் கிடைத்ததே ஆர்.கே.ஓ.வின் அதிர்ஷ்டம். 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த ஸ்டூடியோ திவாலாகி நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் போயிருந்தது. அமெரிக்காவில் வேலைக்கு ஏங்கியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம். அந்தச் சமயத்தில் அஸ்டேருக்கு நடத்திய திரைப்படச் சோதனையைப் பார்த்த தயாரிப்புத் தலைவர் டேவிட் செல்ஸ்னிக், காது பெரிது, தாடை சரியில்லை, ஆனாலும் இந்த மோசமான சோதனைச் சுருளையும் மீறி இவருடைய வசீகரம் தெரிகிறது என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதினார். அஸ்டேர் புதுமுகமல்ல. அக்கா அடேலுடன் பிராட்வேயிலும் லண்டனிலும் ஆண்டுக்கணக்கில் ஆடிப் பேர் வாங்கியவர். 1932இல் அக்கா ஓர் ஆங்கிலப் பிரபுவின் மகனை மணந்து மேடையை விட்டு விலக, தம்பி தனியாளானார். வயது முப்பத்து மூன்று, வழுக்கை எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. ஹாலிவுட் நாயகனுக்கான லட்சணம் என்று எதையும் சொல்ல முடியாது.

ஜிஞ்சர் ராஜர்ஸ் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனால் சினிமாவில் அவர்தான் மூத்தவர். அஸ்டேர் வருவதற்கு முன்பே படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். நடனப் பயிற்சியில் அஸ்டேரோடு ஒப்பிட முடியாது. நடிப்பில் அஸ்டேரை அவரோடு ஒப்பிட முடியாது. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண்ணின் மனம் மாறுவதை முகத்தில் கொண்டுவரும் வித்தை ராஜர்ஸுக்குத் தெரியும். அஸ்டேர் பின்னாளில் ஆடிய பல துணைகள் கால்வீச்சில் ராஜர்ஸைவிடத் தேர்ந்தவர்கள். அந்தப் படங்களில் ஆட்டம் பிரமாதமாக இருக்கும், காதலைத்தான் தேட வேண்டியிருக்கும்.

பூங்காவில் மழைக்கு ஒதுங்கும் காட்சி இதற்குச் சாட்சி. குதிரையேற்ற உடையில், கால்சட்டையும் தொப்பியுமாக டேல் ஒரு வட்ட மண்டபத்தில் நிற்கிறாள். பாண்டு வாத்தியக்காரர்கள் வாசிப்பதற்காகக் கட்டிய மண்டபம் அது. ஜெர்ரியும் அங்கே வந்து சேர்கிறான். இடி இடிக்கிறது. மழையில் மாட்டிக்கொள்ள இதைவிட நல்ல நாள் உண்டா என்கிற மாதிரி அவன் பாட, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் பார்வைக்கு அவள் முதுகுதான் தெரிகிறது. நமக்கு முகம் தெரிகிறது. அந்த முகத்தில் வீம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைப் பாட்டு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பாட்டு முடிந்ததும் அவன் எழுந்து, பைக்குள் கையை விட்டுக்கொண்டு சும்மா நடக்கிறான். அவளும் எழுந்து அதே நடையைக் கேலியாக நடந்துகாட்டுகிறாள். அவன் ஓர் அடி வைத்தால் இவள் அதையே திருப்பி வைக்கிறாள். நீ மட்டும்தான் ஆடுவாயா என்று சவால் விடுகிற தோரணை. இடிச் சத்தம் ஒன்று அவர்களை உசுப்பிவிட, ஆட்டம் வேகம் பிடிக்கிறது. ஒருவரை ஒருவர் தொடாமலே பெரும்பகுதி ஆடுகிறார்கள். முடிவில் மண்டபத்தின் விளிம்பில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கை குலுக்கிக்கொள்கிறார்கள். முத்தமில்லை, வசனமில்லை. அவளுக்குக் காதல் வந்துவிட்டது என்பதில் பார்க்கிறவருக்குச் சந்தேகமும் இல்லை. காதல் வயப்படுவதை இவ்வளவு நேர்மையாகவும் இவ்வளவு விளையாட்டாகவும் காட்டிய நடனங்கள் சினிமாவில் குறைவு.

இதைப் படமாக்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டுகளில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவில் பஸ்பி பெர்க்லி வேறொரு வகை இசைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கேமராவை உச்சாணியில் ஏற்றிவைத்து, கீழே நூறு பெண்களைப் பூவாகவும் சக்கரமாகவும் விரிய வைப்பார். அங்கே ஆடுவது கேமரா. பெண்கள் வெறும் கோலப்புள்ளிகள். அஸ்டேர் இதற்கு நேரெதிர். தலையிலிருந்து பாதம்வரை முழு உருவமும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும், ஆட்டத்தின் நடுவே பார்வையாளர்களின் முகத்துக்கோ பாதத்தின் க்ளோசப்புக்கோ தாவக் கூடாது, வெட்டுகள் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கேமரா அவர்களோடு கூடவே தாழ்வாக நகர்ந்து வரும். ஏமாற்று வேலைக்கு இடமில்லை. ஆட்டத்தில் பிசகினால் தொடக்கத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

அதனால் ஒத்திகை வாரக்கணக்கில் நடக்கும். நடன அமைப்பில் அஸ்டேருக்குக் கூட்டாளி ஹெர்மிஸ் பான். முதலில் ராஜர்ஸின் இடத்தில் பான் நின்று அஸ்டேரோடு ஆடி அடிகளைக் கண்டுபிடிப்பார். பிறகு ராஜர்ஸுக்குச் சொல்லிக்கொடுப்பார். பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார்கள். காலடிச் சத்தத்தைப் படப்பிடிப்பு முடிந்த பிறகு தனியாகப் பதிவு செய்து சேர்ப்பார்கள். இந்த ஜோடிப் படங்களில் நாம் ராஜர்ஸின் காலடி என்று நினைத்துக் கேட்பதில் கணிசமான பகுதி பானுடைய கால்கள் எழுப்பியது. ராஜர்ஸ் செய்ததைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. அஸ்டேர் செய்ததையெல்லாம் அவர் பின்னோக்கி, அதுவும் குதி உயர்ந்த செருப்போடு செய்தார் என்று ஒரு பேச்சு உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதைப் பரப்பியது 1982இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்த பாப் தேவ்ஸின் கேலிச்சித்திரம்.

படத்தின் பெயருக்குக் காரணமான பாட்டு லண்டன் மேடையில் வருகிறது. நெடிய கறுப்புத் தொப்பி, வெள்ளை டை, வால் கோட்டு அணிந்த ஆண்களின் வரிசை, முன்னால் அஸ்டேர். கைத்தடியைத் துப்பாக்கியாக்கி, குதிகாலால் வெடிச் சத்தம் எழுப்பி ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்துகிறார். கடைசி ஆள் தப்பித்துக்கொண்டே இருக்க, தடியை வில்லாக வளைப்பதுபோல் பாவனை செய்து அம்பு விட்டு முடிக்கிறார். 1930இல் ‘ஸ்மைல்ஸ்’ என்ற மேடை நாடகத்தில் தானே செய்த உத்தியை மெருகேற்றி எடுத்துவந்தது இது. கதைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யார் கவலைப்பட்டார்கள்? எழுத்தாளர் கிரகாம் கிரீன் அப்போது ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் திரை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். அஸ்டேரை மனித வடிவில் வந்த மிக்கி மவுஸ் என்கிற ரீதியில் எழுதினார். பாராட்டுத்தான். புவியீர்ப்புக்கு ஒப்புக்கொடுக்காத உடம்பு என்பதற்கு அந்த ஆண்டில் அதைவிடப் பொருத்தமான உவமை கிடைத்திருக்காது.

வெனிஸில் வரும் ‘சீக் டு சீக்’தான் படத்தின் உச்சம். வழக்கமாக முப்பத்திரண்டு தாளக்கட்டுகளில் முடியும் அந்தக் காலப் பாட்டு அமைப்பை மீறி பெர்லின் இதை எழுபத்திரண்டுக்கு நீட்டியிருந்தார். இசைக் குறியீடுகளை எழுதவோ படிக்கவோ தெரியாதவர் அவர். பியானோவின் கறுப்புக் கட்டைகளை நம்பியே மெட்டமைத்தவர். அப்படிப்பட்டவரிடமிருந்து இவ்வளவு நெளிவு சுளிவான மெட்டு வந்தது.

இந்தக் காட்சியில் டேலின் நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். தன்னோடு ஆடுகிறவன் மாட்ஜின் கணவன் என்று நம்புகிறாள். அந்த மாட்ஜே எதிரில் உட்கார்ந்துகொண்டு, போய் ஆடுங்கள், இன்னும் நெருங்கி ஆடுங்கள் என்று கையசைக்கிறாள். டேலுக்குத் தலை சுற்றுகிறது. சரி, உனக்கே ஆட்சேபம் இல்லையென்றால் எனக்கென்ன என்பதுபோல் அவன் தோளில் சாய்கிறாள். கூட்டத்தின் நடுவே தொடங்கும் ஆட்டம் ஒரு பாலத்தைக் கடந்து ஆளில்லாத மண்டபத்துக்குப் போகிறது. அங்கே அவள் வளைந்து பின்சாய்வதும் அவன் தாங்குவதுமாக ஆட்டம் ஏறி இறங்கி அடங்கும்போது, அவள் சுவரில் சாய்ந்து மயக்கம் தெளியாத கண்களோடு நிற்கிறாள். மணமான ஒருவனிடம் ஒரு பெண் மனமறிந்து மயங்குகிறாள் என்பதே அவள் தரப்பில் இந்த ஆட்டத்துக்குப் பொருள். வசனத்தில் எழுதியிருந்தால் தணிக்கை அனுமதித்திருக்காது. 1934ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து ஹாலிவுட்டில் ஒழுக்க விதிகளைக் கெடுபிடியாக அமல்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். வசனங்களைச் சல்லடை போட்டுச் சலித்தவர்கள் நடனத்தை எந்தச் சட்டத்தைக் கொண்டு அளப்பது?

முத்தம் இல்லாததற்குத் தணிக்கை மட்டும் காரணமல்ல. காதல் காட்சிகளில் உருகி வழிவது அஸ்டேருக்குப் பிடிக்காது. அவர் மனைவிக்குப் பொறாமை என்று பத்திரிகைகள் கிசுகிசு எழுத, அவர் மறுத்தார். இந்த ஜோடி திரையில் தாராளமாக முத்தமிட்டுக்கொண்டது 1938இல் வந்த ‘கேர்ஃப்ரீ’ படத்தில்தான்.

இதே காட்சியில்தான் அந்தப் புகழ்பெற்ற இறகுச் சண்டையும் நடந்தது. உடை வடிவமைப்பாளர் பெர்னார்ட் நியூமனோடு சேர்ந்து ராஜர்ஸ் தீர்மானித்த உடை அது: வெளிர்நீலப் பட்டு, உடம்பெல்லாம் தீக்கோழி இறகு. படம் கறுப்பு வெள்ளை என்பதால் அந்த நீலத்தைத் திரையில் யாரும் பார்க்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். உடை வந்து சேர்ந்ததும் சாண்ட்ரிச்சுக்கும் அஸ்டேருக்கும் பிடிக்கவில்லை. முந்தைய படமொன்றில் அணிந்த வெள்ளை கவுனையே போட்டுக்கொள்ளச் சொன்னார் சாண்ட்ரிச். ராஜர்ஸ் செட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். மகளின் தொழில் விவகாரங்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட அம்மா லீலா ராஜர்ஸும் களத்தில் இறங்க, கடைசியில் இறகு உடைக்கே வெற்றி.

ஆட ஆரம்பித்ததும் இறகு பறந்தது. அஸ்டேரின் கண்ணில், மூக்கில், கோட்டில், தரையில் எங்கும் இறகு. ஓநாய் பாய்ந்த கோழியைப்போல் இருந்தது என்று தன் சுயசரிதையில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். தையல்காரர்கள் உட்கார்ந்து ஒவ்வோர் இறகாகத் தைத்து இறுக்கிய பிறகுதான் காட்சியை எடுக்க முடிந்தது. அப்படியும் சில இறகுகள் மிதந்து போவதை இன்றும் படத்தில் பார்க்கலாம். ஆனால் ராஜர்ஸ் பிடித்த பிடிவாதம் சரிதான். அவர் சுழன்று நின்ற பிறகும் அந்த உடை ஒரு கணம் தாமதமாக அசைந்து அடங்குகிறது. வெள்ளை கவுன் அதைச் செய்திருக்காது. சில நாள் கழித்து அஸ்டேர் ஒரு சிறிய தங்க இறகைச் சமாதானப் பரிசாக அனுப்பினார்.

இனி குறைகள். வெனிஸ் என்று காட்டுவது வெனிஸே அல்ல. வான் நெஸ்ட் போல்க்ளேஸின் கலைத் துறையில் கரோல் கிளார்க் வடிவமைத்த, இரண்டு படப்பிடிப்புத் தளங்களை இணைத்துப் பரப்பிய பளிங்கு வெள்ளைக் கனவு அது. வெள்ளை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று கால்வாய்த் தண்ணீரில் கறுப்புச் சாயம் கலந்தார்கள். கால் டாலர் கொடுத்து உள்ளே வந்த வேலையற்ற மனிதருக்கு அது கண்ணுக்கு விருந்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே நடக்கும் ‘பிக்கொலினோ’ என்ற பெருங்கூட்ட நடனம் பெர்க்லியோடு போட்டி போட நினைத்து இளைத்துப்போகிறது. ராஜர்ஸும் அஸ்டேரும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கடைசி அரை மணி நேரத்தில் கதையின் முடிச்சுகளை அவிழ்க்கிற வேலையே மிஞ்சிவிடுவதால் படம் கொஞ்சம் நொண்டுகிறது. முந்தைய ஆண்டு வந்த ‘தி கே டிவோர்ஸி’யின் ஆள்மாறாட்டக் கதையையே சட்டை மாற்றிக் கொண்டுவந்தார்கள் என்று அப்போதே முணுமுணுப்பு இருந்தது. துணை நடிகர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்.

அந்தத் துணை நடிகர்கள் இல்லாவிட்டால் படம் இவ்வளவு சிரிப்பாக இருந்திருக்காது. ஹொரேஸாக வரும் எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன் ஒரு செய்தியைக் கேட்டுப் புன்னகைத்துத் தலையாட்டிவிட்டு, இரண்டு நொடி கழித்து அதன் பொருள் உறைத்துத் திடுக்கிடுவார். இதையே எத்தனை முறை செய்தாலும் அலுக்கவில்லை. அவருடைய வேலைக்காரன் பேட்ஸாக எரிக் ப்ளோர். எஜமானரோடு ஊடல்கொண்டு, தன்னை ராஜாக்களைப்போல் ‘நாம்’ என்றே சொல்லிக்கொள்ளும் ஆள். பாதிரியார் வேடத்தில் செல்லாத கல்யாணத்தை நடத்திவைத்துக் கதையைக் காப்பாற்றுகிறவனும் இவனே. மாட்ஜாக வரும் ஹெலன் ப்ராடரிக்கின் வறண்ட நக்கல் இன்றைக்கும் கூர் மழுங்கவில்லை.

ஆடை வடிவமைப்பாளர் பெடினியாக எரிக் ரோட்ஸ் செய்தது மட்டும் இன்று சங்கடமாக இருக்கிறது. இத்தாலியர் என்றால் கையை ஆட்டி உடைந்த ஆங்கிலம் பேசுகிற கோமாளி என்ற வார்ப்பு அது. முசோலினியின் அரசு கோபப்பட்டுப் படத்துக்கு இத்தாலியில் தடை விதித்தது. முசோலினியோடு உடன்பட வேண்டிய சந்தர்ப்பங்கள் அரிது. தடை அபத்தம், ஆனால் அந்தப் பாத்திரமும் மட்டமானதுதான்.

சிறந்த படம் உட்பட நான்கு பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரை கிடைத்தும் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. பாட்டுக்கான விருதைப் பெர்க்லி இயக்கிய படத்தின் பாட்டு ஒன்று தட்டிச் சென்றது. பூக்கடையில் வேலை செய்கிறவளாக ஓரிரு நிமிடம் தலைகாட்டும் பெண்ணைக் கவனிப்பது நல்லது. லூசில் பால். பிற்பாடு தொலைக்காட்சி நகைச்சுவையின் ராணியாகி, கணவரோடு நடத்திய நிறுவனத்தின் பெயரில் 1957இல் இந்த ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ வளாகத்தையே விலைக்கு வாங்கியவர்.

இந்த ஜோடியின் படங்களில் எது சிறந்தது என்று கேட்டால் விமர்சகர்கள் பலர் 1936இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய ‘ஸ்விங் டைம்’ என்பார்கள். நடனத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அவர்கள் சொல்வது சரி. சிரிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் ‘டாப் ஹேட்’ ஒரு படி மேல். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதலில் பார்த்துவிட்டு ‘ஸ்விங் டைம்’ பக்கம் போகலாம். இருவரும் சேர்ந்து நடித்த முதல் படமான ‘ஃப்ளையிங் டவுன் டு ரியோ’வுக்கு அவசரமில்லை; அதில் நாயகன் நாயகி வேறு ஆட்கள், இவர்கள் வருவது துணைப் பாத்திரங்களில்தான்.